வெறுங்கையோடு போன பத்துக் கிலோ

"அவரு எங்க வண்டிலதான் வந்தாரு, எங்க வண்டிலதான் திரும்புவாரு. இதுல பேச என்ன இருக்கு?"

"வரும்போது யார் வண்டில வந்தா என்ன அண்ணி? வரும்போது அவருக்கு ஒரு மதிப்பும் கிடையாது. போகும்போதுதான் அவரு பத்துக் கிலோ!"

"யூருன், கத்தாத. ஊரே பாக்குது."

"பாக்கட்டுமே! என் கூடப்பிறந்த அண்ணன். போன தடவையும் நீங்கதான் ஏத்திக்கிட்டுப் போனீங்க, அதுக்கு முந்தின தடவையும் நீங்கதான். இந்தத் தடவை எனக்கு வேணும்."

"மே மாசம் என் பொண்ணுக்கு சர்ச்சுல திடப்படுத்தல் சடங்கு. சொந்தக்காரங்க அத்தனை பேரும் சாப்பிட வராங்க. அவங்களுக்கு நான் என்ன, வெறும் உருளைக்கிழங்கை வேகவச்சுப் போடட்டுமா?"

ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தால்முவில் ஊர் என்று சொல்ல அதிகம் பேர் இல்லை. ஆனால் இருக்கிற அத்தனை பேரும் அந்த நேரத்தில் ஜன்னலோரம் ஏதோ வேலையாக இருந்தார்கள். எதிர்வீட்டு மாய்லிஸ் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தொட்டி நிரம்பித் தண்ணீர் தரையில் ஓடியதை அவள் சண்டை முடிந்த பிறகுதான் கவனித்தாள்.

விஷயம் இதுதான். தால்மு ஸ்வீடனின் கடைசி ஊர். ஊர்க்கோடியில் ஓர் ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் நார்வே. அங்கே பன்றி இறைச்சியின் விலையைக் கேட்டாலே பசி போய்விடும். அதனால் சனிக்கிழமையானால் நார்வேக்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வந்து, தால்முவின் உருளைக்கிழங்கு வயலில் முளைத்த பெரிய கடையில் பேக்கனும் பீரும் மிட்டாயும் வாரிக்கொண்டு போவார்கள். வாரலாம், ஆனால் அளவோடு. எல்லைச் சுங்கச்சாவடியில் இறைச்சிக்கு ஆளுக்குப் பத்துக் கிலோதான் விடுவார்கள். பீருக்கும் புகையிலைக்கும் தனி அளவு. ஆக, காரில் எத்தனை தலையோ அத்தனை பத்துக் கிலோ. கைக்குழந்தையும் பத்துக் கிலோ. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் காலில் மாவுக்கட்டோடு ஒருவரை அழைத்து வந்த குடும்பத்தையும் தால்மு பார்த்திருக்கிறது.

அந்தக் கணக்கில் ஒட்வார் ஒரு புதையல். சின்ன வயதில் வீட்டுப் பன்றிக்குட்டிக்குப் பெயர் வைத்துத் தொலைத்தவர். அது விருந்தாகிப்போன கிறிஸ்துமஸிலிருந்து இறைச்சியைத் தொடுவதில்லை. குடிப்பதில்லை, புகையிலை இல்லை, கல்யாணமும் இல்லை. அவர் பங்குக்கு வருவதில் ஒரு கிராம்கூட அவருக்கென்று போகாது. தம்பி மனைவி தூரிட்டும் தங்கை யூருன்னும் அவருக்காக அடித்துக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்த ஒட்வார் அப்போது எங்கே இருந்தார்? சண்டை நடந்த இடத்துக்கு ஒரு சுவர் தள்ளி, குன்னலின் காபிக்கடைக்குள், ஜன்னலோர மேஜையில், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கட்டம்போட்ட அச்சில் மாவு ஊற்றிச் சுட்ட வாஃபிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குன்னல் காபிக் குடுவையைப் பிடித்தபடி அவர் பக்கத்தில் நின்றிருந்தாள். இரண்டாவது கோப்பை ஊற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குன்னலைப் பற்றி இரண்டு வார்த்தை. வயது அறுபத்துமூன்று, நாக்கு மட்டும் இன்னும் இருபதில் இருந்தது. கழிப்பறைக் கதவில் ‘காபி வாங்கியவர்களுக்கு மட்டும், நார்வேக்காரர்கள் உட்பட’ என்று எழுதி ஒட்டியவள். நார்வேக்காரர்கள் வீட்டிலிருந்தே ரொட்டியும் பழுப்புச் சீஸும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, அவள் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு, கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "சுடுதண்ணி கிடைக்குமா?" என்பார்கள். "ஏரிப் பனில ஓட்டை போட்டுருக்காங்க, அதுல மொண்டுக்கோங்க. சூடு பண்றது உங்க சாமர்த்தியம்" என்பாள் குன்னல்.

ஒட்வார் மட்டும்தான் விதிவிலக்கு. போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர் காலத்திலிருந்து, சனிக்கிழமை தவறாமல், காரிலிருந்து இறங்கியதும் பெரிய கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே இங்கே வந்துவிடுவார். ஒரு வாஃபிள், இரண்டு கோப்பை காபி. பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குன்னல் பேசுவாள், அவர் தலையாட்டுவார். ஆனால் சரியான இடத்தில் ஆட்டுவார். தால்முவில் அது யாருக்கும் வாய்க்காத குணம். ஒருநாள் யாரும் கேட்காமலே, கிறீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் குன்னல் சனிக்கிழமைகளில் காதில் தோடு போட ஆரம்பித்தாள். "காது ஓட்டை தூந்துடக் கூடாதுல்ல" என்று மாய்லிஸிடம் காரணமும் சொன்னாள். மாய்லிஸ் கேட்கவே இல்லை.

"அத்தனை நார்வேக்காரங்கள்ல ஒருத்தராவது எனக்காக வராரு பாரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள், இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இதைக் கேட்டாள்:

"சரி அண்ணி, ஒரு சமாதானத்துக்கு வருவோம். இறைச்சி உங்களுக்கு. பீர், புகையிலை எனக்கு. அவரு உங்க வண்டிலயே உக்காரட்டும், என் பீரும் உங்க வண்டிலயே வரட்டும்."

"ஆனா எங்க வீட்டுக்காரரு வழில ஒண்ணு ரெண்டு ஒடச்சா நான் பொறுப்பில்ல."

"எண்ணி வச்சிருப்பேன்."

"நல்லவேள, அத்தானுக்கு இந்தக் காபிக்கட ஒண்ணு இருக்கு. இல்லன்னா வண்டிக்குள்ளயே உக்காந்து முணுமுணுத்துக்கிட்டு இருப்பாரு."

இந்தக் கடைசி வரிதான் குன்னலின் நெஞ்சில் போய்த் தைத்தது. ஆக, இந்த மனிதர் வரவில்லை, கொண்டுவரப்படுகிறார். இங்கே உட்காரவில்லை, இறக்கி வைக்கப்படுகிறார். குடையைக் கடையில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி.

அவள் ஒட்வாரைப் பார்த்தாள். அவர் காதெல்லாம் சிவந்து, வாஃபிளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலிக் கோப்பையை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார்.

குன்னல் குடுவையை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் வைத்துவிட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஸ்வீடனில் இரண்டாவது கோப்பை காபி இலவசம். அது மரியாதை, உரிமை, ஏறத்தாழ மதம். பொய்ச்சாட்சி சொன்னவனுக்கும் இரண்டாவது கோப்பை உண்டு. ஒட்வார் கொஞ்ச நேரம் காலிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, தூரிட் வண்டியின் பின்னிருக்கையில், பேக்கன் பெட்டிக்கும் பீர்ப் பெட்டிக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. "ரெண்டாவது கப்பு ஊத்தலையாமே!" என்று பாதிரியார் வரைக்கும் விசாரித்தார்.

அடுத்த வாரம் ஊருக்கே ஓர் ஆபத்து வந்தது. பெரிய கடையின் குளிர்சாதனம் மொத்தமாகப் படுத்துவிட்டது. இறைச்சி எல்லாம் பாழ். கடை பூட்டு. எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. ஒரு கார் இல்லை. தால்முக்காரர்கள் வாசலுக்கு வந்து, இத்தனை நாள் இந்த ரோடு இவ்வளவு அகலமா என்று அதிசயமாகப் பார்த்தார்கள். ஒருவர், சும்மா, முடிகிறது என்பதற்காகவே நடுரோட்டில் நடந்து போனார். ஒருவரை ஒருவர் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார்கள். இத்தனை வருஷமாக நார்வேக்காரர்களைத் திட்டுவது ஒன்றுதான் அவர்களுக்குள் பேச்சாக இருந்தது.

மாய்லிஸ் வந்து குன்னலின் கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். "என்னடி, மாவு கரைச்சு வச்சிருக்க? யாரு வரப் போறா?"

"பழக்க தோஷம்."

"தோடு வேற."

"அதுவும் பழக்கம்தான்."

"பாவம்டி நீ. பேக்கன் இல்லாம பத்துக் கிலோ எங்கேருந்து வரும்?"

"யாரு வரணும்னு சொன்னா? வந்தாத்தான் எனக்கு எரிச்சல்" என்று சொல்லிவிட்டு, குன்னல் சுத்தமாக இருந்த மேஜையை மறுபடி துடைத்தாள். ஜன்னலோர மேஜையை.

அப்போது மாய்லிஸ்தான் பார்த்தாள். பார்க்காமல் இருப்பாளா? உறைந்து கிடந்த ஏரியின் மேல், நார்வேப் பக்கத்திலிருந்து ஒரு கரும்புள்ளி. புள்ளி ஆளாகி, ஆள் ஒட்வாராகி, ஒட்வார் ஒரு உதைவண்டியில் வந்துகொண்டிருந்தார். முன்னால் ஒரு நாற்காலி, அடியில் இரண்டு நீளக் கம்பி, பின்னால் நின்று ஒரு காலால் உதைத்து உதைத்துப் பனியில் தள்ளுகிற அந்த வண்டிதான். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மீசையெல்லாம் பனி உறைந்தபடி உள்ளே நுழைந்து, தொப்பியைக் கழற்றி, ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார்.

குன்னல் வாஃபிளை வைத்தாள். காபி ஊற்றினாள். பேசட்டும் என்று காத்திருந்தாள். மாய்லிஸ் மூச்சுவிடுவதையே நிறுத்திவிட்டாள்.

ஒட்வார் தொண்டையைக் கனைத்தார். ஏரி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருப்பார் போல. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"கட எப்போ தெறக்கும்னு... தூரிட் கேட்டுட்டு வரச் சொன்னா."

மாய்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஓஹோ" என்றாள் குன்னல். "அதுக்குத்தான் அனுப்பி வச்சாங்களா? போய்ச் சொல்லுங்க, தெரியாதுன்னு. போன்ல கேட்டிருந்தா இவ்வளவு தூரம் உதைச்சிருக்க வேண்டாம்."

"இல்ல, அது வந்து... கிளம்பும்போதுதான் அவ..."

"வாஃபிள இங்க சாப்பிடப் போறீங்களா, கட்டித் தரட்டுமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கட்டியும் கொடுத்துவிட்டாள். இரண்டாவது கோப்பை அன்றும் இல்லை. ஒட்வார் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு உதைவண்டி ஏரியில் இறங்கியது.

"ஏண்டி, குளிர்ல வந்த மனுஷனை..." என்றாள் மாய்லிஸ்.

"வீட்டுக்குப் போ மாய்லிஸ். உன் தொட்டி காயுது."

குன்னல் தோட்டைக் கழற்றிக் கல்லாவுக்குள் போட்டாள். மீதி மாவைக் கொட்டிவிடலாம் என்று பாத்திரத்தைத் தூக்கியபோது போன் அடித்தது.

"வணக்கம். தால்மு காபிக்கடைங்களா? நான் நார்வே சுங்கத்துறைலேருந்து பேசறேன். என் பேரு சிந்த்ரே." குரல் இளசு. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. "ஏரிக்கரைல ஒருத்தரை நிறுத்தி வச்சிருக்கோம். பேரு ஒட்வார். உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

"எதுக்கு நிறுத்தினீங்க?"

"ஸ்வீடன்லேருந்து வராரும்மா."

"சரி."

"கைல ஒண்ணுமே இல்ல."

"அது குத்தமா?"

"குத்தம் இல்ல. ஆனா நடக்காத விஷயம். தால்முலேருந்து ஒரு நார்வேக்காரர் வெறுங்கையோட திரும்பினதா எங்க ஆபீஸ்ல யாருக்குமே ஞாபகம் இல்ல. அதுவும் பெரிய கட பூட்டிக் கிடக்கற அன்னிக்கு, ஏரி வழியா! சந்தேகம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க. உதைவண்டியைக் கழட்டிப் பாத்துட்டோம். தொப்பியைத் திருப்பிப் பாத்துட்டோம். ஒரு பொட்டலம் இருந்துது, பிரிச்சா வாஃபிள்."

"வாஃபிள்னா வாஃபிள்தான்."

"ஆமாம்மா. சாப்பிட்டும் பாத்துட்டோம். நல்லாவே இருக்கு." சிந்த்ரே குரலைத் தாழ்த்தினான். "பிரச்சனை என்னன்னா, எதுக்குப் போனீங்கன்னு கேட்டா ரொம்ப நேரம் பதிலே இல்ல. தலைய மட்டும் ஆட்டறாரு. கடசில ஒண்ணு சொன்னாரு, அது எங்க யாருக்கும் புரியல. ஏதாவது சங்கேதமோன்னு மேலதிகாரி நினைக்கிறாரு. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அப்படியே சொல்றேன்: ‘ஒரு வருஷத்துக்கு மேல சனிக்கிழமை சனிக்கிழமை பத்துக் கிலோவா போய்ட்டு வந்தேன். இன்னிக்குத்தான் ஆளா போனேன். அதையும் கெடுத்துட்டேன்.’ இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

மாவுப் பாத்திரம் குன்னலின் இன்னொரு கையில் அப்படியே இருந்தது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா? யாரைப் பாக்கப் போனீங்கன்னும் கேட்டோம். உங்க கட பேரைச் சொன்னாரு. ஆனா காபி குடிக்க யாராவது ஏரியைத் தாண்டுவாங்களா? அவர் வீட்லயே காபி இருக்காம், நல்ல காபியாம், அதையும் அவரே சொல்லிட்டாரு. அப்ப நீங்க உறுதி பண்ணணும். இவரு உங்களைப் பாக்கத்தான் வந்தாரா? உங்களை மட்டும்?"

இந்தக் கேள்விக்கான பதிலை ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தவளிடமே அந்தப் பையன் அதைக் கேட்டான்.

"ஆமா" என்றாள் குன்னல். குரல் கொஞ்சம் ஏறியே வந்தது. "என்னைப் பாக்கத்தான் வந்தாரு. என்னை மட்டும்தான். எழுதிக்கோங்க. போனை அவர்கிட்ட குடுங்க."

அந்தப் பக்கம் பனியில் காலடிச் சத்தம், மூச்சுச் சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. தலையாட்டுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஒட்வார், தலைய ஆட்டினா போன்ல தெரியாது."

"...ம்."

"ரெண்டாவது கப்பு ஊத்தி வச்சிருக்கேன். ஆறிடப் போகுது."

ஊற்றவில்லை. போனை வைத்த பிறகுதான் ஊற்றினாள். ஆனால் அவர் மறுபடி ஏரியைத் தாண்டி வந்து சேர்வதற்குள் ஆறித்தான் போயிருந்தது. ஆறிய காபியை அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். வெறுங்கையோடு ஸ்வீடனிலிருந்து வந்து, வெறுங்கையோடு ஸ்வீடனுக்கே திரும்பிப் போன ஆளைச் சிந்த்ரே கரையில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

அப்புறம் நடந்ததை மாய்லிஸ் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றாமலே, நேரடியாக வாசலில் நின்றே பார்த்தாள். ஒட்வார் அந்த வாரமே ஒரு பெட்டியை உதைவண்டி நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு குன்னல் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்.

தூரிட்டும் யூருன்னும் சேர்ந்து ஓடி வந்தார்கள். அவர்கள் ஒரே வண்டியில் வந்தது அதுதான் முதல் தடவை.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா அண்ணே?" என்று யூருன் அழுதாள்.

"திடப்படுத்தலுக்கு முன்னாடி இப்படிப் பண்ணலாமா அத்தான்? பத்துக் கிலோ துண்டு விழுதே!" என்று தூரிட் அழுதாள். இவளுடைய அழுகையில் உண்மை அதிகம்.

திடீரென்று தூரிட்டின் அழுகை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குன்னலைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்தாள். உதடு அசைந்தது, ஏதோ கூட்டிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்தை எங்க ஊர் சர்ச்சுலதானே வைக்கப் போறீங்க?" என்றாள் மிகவும் பாசமாக. "மாப்பிள்ள வீட்ல வைக்கறதுதான் முறை. உங்க ஊர்ல ஒருத்தர் விடாம கூப்பிடுங்க. பஸ் நான் ஏற்பாடு பண்றேன். வயசானவங்க, குழந்தைங்க, எல்லாரும் வரட்டும். குழந்தைங்க முக்கியம்."

அப்படி ஒரு முறை அந்த இரண்டு நாட்டிலும் கிடையாது. ஆனால் குன்னல் மறுக்கவில்லை. பெரிய கடையும் அதற்குள் திறந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில், தால்மு மொத்தமும் நல்ல உடை உடுத்திக்கொண்டு பஸ்ஸில் ஏறிச் சுங்கச்சாவடிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆளுக்கொரு பொட்டலம் மடியில். சிந்த்ரே ஏறிப் பார்த்தான்.

"இது என்ன?"

"கல்யாணப் பரிசு" என்றாள் முன்சீட்டில் மாய்லிஸ்.

"இது?"

"கல்யாணப் பரிசு" என்றார் பாதிரியார்.

எல்லார் மடியிலும் ஒரே பரிசு, ஒரே எடை. மணப்பெண் கையில் மட்டும் வாஃபிள் அச்சு. கடைசிச் சீட்டில் ஒட்வார் சலவை செய்த கோட்டில், இரண்டு கையையும் முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு பொட்டலத்தை வைக்க யூருன் கடைசிவரை முயன்றாள். "அவரு மேல ஒரு கிராம் வச்சாலும் கல்யாணமே கிடையாது" என்று குன்னல் சொல்லிவிட்டாள். சிந்த்ரே அவர் வெறுங்கையைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் இறங்கிவிட்டான்.

மே மாத விருந்துக்கு இறைச்சி மலை போல் குவிந்தது. ஆனால் திடப்படுத்தலுக்கு ஒரு வாரம் முன்பு, பெரியப்பாவோடு பேசிப் பேசி மனம் மாறிய தூரிட்டின் மகள், இனிமேல் தானும் இறைச்சி தொடப்போவதில்லை என்று அறிவித்தாள். தூரிட் ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் யூருன் போன் பண்ணி, "அண்ணி, இனிமே பொண்ணை என் வண்டில அனுப்பறீங்களா?" என்று கேட்டபோதுதான் அழுகை நின்றது.

சிந்த்ரேவைக் கடற்கரையில் ஒரு துறைமுகத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது வாஃபிள் கட்டி வாங்கிக்கொண்டு போனான். அங்கே மீன் வலை பின்னும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஒட்வார் தால்முவிலேயே இருக்கிறார். கதவு எதுவும் கிறீச்சிடுவதில்லை. யூருன் விவாகரத்து வாங்கிக்கொண்டு பெரிய கடையின் இறைச்சிப் பிரிவு மேலாளரைக் கட்டிக்கொண்டு தால்முவுக்கே குடிவந்துவிட்டாள். இப்போது அவளைப் பார்க்க மாதம் இரண்டு தடவை தூரிட் வருகிறாள், வண்டி நிறைய ஆட்களோடு.